நூற்று எழுபத்திரண்டாவது சொட்டு

நம் வயதுக்காரர்களில் ப்ளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்கள் யாரைக் கேட்டாலும், பாடத்தில் பாதி மறந்திருக்கும். வேதியியல் லேபில் பியூரெட்டுக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் மறந்திருக்காது. நான் அந்தப் பிரிவே எடுக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சோதனையை உங்களில் பலரைவிட அதிகத் தடவை செய்தவள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் பன்னிரண்டு வயதில், எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின் மேல்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தால் பாசி வாசனை, ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தால் டீசல் வாசனை. அப்பாவுக்கு சிக்னல் பிரிவில் வேலை. அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சிக்னல் விளக்கு எரிகிறதா, கம்பி சரியாக இருக்கிறதா என்று தண்டவாளத்தோரம் நடந்து நடந்து அவர் கால் கறுத்திருக்கும். அதிகம் பேச மாட்டார். பேசினால் எங்கள் அண்ணனைப் பற்றித்தான் பேசுவார். அண்ணன் அப்போது ப்ளஸ் டூ. நான் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு.

அண்ணன் கெட்டிக்காரன். கணக்கில் முழு மதிப்பெண் வாங்குவான். ஆனால் எதனாலோ அந்த வருடம் வேதியியல் செய்முறையில் மட்டும் ஒவ்வொரு வாரமும் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தான்.

அந்தச் சோதனை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கீழே ஒரு குடுவையில் அமிலம். அதன் செறிவு எவ்வளவு என்று தெரியாது. மேலே பியூரெட் என்கிற நீளக் குழாயில் காரம். அதன் செறிவு தெரியும். குடுவையில் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டுவிட்டு, மேலேயிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். தண்ணீர்போல இருக்கிற அமிலம் கடைசியில் ஒரே ஒரு சொட்டில் ரோஸ் நிறத்துக்கு மாறும். லேசான ரோஸ், மழைக்கு முந்தைய சாயங்கால வானம்போல. அந்தச் சொட்டிலேயே திருகை மூடிவிட்டு, எத்தனை மில்லி இறங்கியது என்று படித்தால், கணக்குப் போட்டு அமிலத்தின் செறிவைச் சொல்லிவிடலாம். ஒரு சொட்டு தாண்டினாலும் தப்பு.

வகுப்பு முழுக்க இருபது மில்லி என்று எழுதினால் அண்ணன் இருபத்தொன்றரை என்று எழுதுவான். அடுத்த தடவை இருபத்திரண்டு. அதற்கடுத்து இருபத்தொன்று. ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கெமிஸ்ட்ரி சார் அவனுடைய ரெக்கார்டு நோட்டில் ‘கவனம் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி எழுதி அலுத்துப்போய், ஒருநாள் நைனாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நைனா வேலை உடையோடு போனார். சார் என்ன சொன்னாரோ, திரும்பி வந்து குளிக்காமலேயே முற்றத்தில் உட்கார்ந்தார்.

“கண்ணு எங்கடா இருந்திச்சு? குழாயப் பாக்கச் சொன்னா ஜன்னலப் பாத்துகினு நிக்கிறியாமே?” என்றார்.

“பாத்துகினுதான் நைனா இருந்தேன்.”

“பாத்தா எப்புட்றா தாண்டும்? அந்த வாத்தியாரு சொல்றாரு, உம் மேல ஆசிடு கொட்டுனாலும் உனக்குத் தெரியாதாம்.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நைனாவுக்கு இருந்தது ஒரே ஆசை. பையன் ப்ளஸ் டூ முடித்துவிட்டு ரயில்வேயில் சேர வேண்டும். தன்னைப்போலத் தண்டவாளத்தில் நடக்காமல் இன்ஜினில் உட்கார்ந்து போக வேண்டும். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதுதான் அண்ணனை அதிகமாகக் குத்தியிருக்க வேண்டும்.

மறுநாளே அவன் வீட்டில் லேப் போட்டான்.

பக்கத்து வீட்டு நர்ஸக்கா, தேதி முடிந்த குளுக்கோஸ் பாட்டில் ஒன்றும் பிரிக்காத குழாயும் கொடுத்தாள். பாட்டிலைத் துணிக்கொடி கட்டுகிற கம்பத்தில் தலைகீழாகக் கட்டினோம். குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை உருட்டினால் சொட்டு வேகமாகவும் மெதுவாகவும் விழும், பியூரெட்டைவிட வசதி. காரத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தது. அமிலத்துக்கு எலுமிச்சைச் சாறு, பத்துச் சொட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில். பினாப்தலீனுக்கு எங்கே போவது? அதற்கும் நர்ஸக்காதான் வழி சொன்னாள்.

“பேதி மாத்திரையில அதாண்டா கீது. பொடி பண்ணி ஸ்பிரிட்டுல ஊற வையி. வாயில மட்டும் வச்சிடாதீங்க, அப்புறம் ரெண்டு நாளைக்குப் பேஜாரு.”

அம்மா அந்த டம்ளரின் அடியில் குங்குமப் பொட்டு வைத்துத் தனியே ஒதுக்கிவிட்டாள். பூப்போட்ட டம்ளர் அது. ஆறு டம்ளர் செட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்று. யாராவது தவறிக் காபி குடித்துவிடப் போகிறார்கள் என்கிற பயத்தில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எவர்சில்வரில் மட்டும்தான் கொடுத்தாள்.

சொட்டு எண்ணுவது என் வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயில். கல்லின் மேல் வெள்ளைக் காகிதம், அதன் மேல் டம்ளர். அண்ணன் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டம்ளரை ஆட்டினான். நான் எண்ணினேன். நூறு. நூற்றைம்பது. சொட்டு விழுந்த இடத்தில் லேசாக ஒரு ரோஸ் கோடு கிளம்பிச் சுழன்று மறையும். நூற்று அறுபதுக்கு மேல் அது மறைய நேரமானது. நூற்று எழுபத்திரண்டாவது சொட்டில் டம்ளர் முழுக்க நிறம் நின்றுவிட்டது. அவ்வளவு அழகான நிறம்.

“நிறுத்து, நிறுத்து! வந்துடுச்சு!”

அவன் நிறுத்தவில்லை. இன்னும் சொட்டிக்கொண்டே இருந்தது.

“எங்கடி வந்திச்சு? தண்ணியாட்டந்தான் கீது.”

“ரோஸா கீதே, தெர்ல?”

“வெளையாடாத. சார் திட்றது போதாதுன்னு நீ வேறயா?”

நூற்றுத் தொண்ணூறு தாண்டியது. டம்ளர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்போல் ஆகிவிட்டது. அப்போதுதான் அவன், “ஆங், இப்ப லைட்டா மாறுது” என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். விளையாடவில்லை. முகத்தில் அவ்வளவு கவனம். புருவத்தில் வேர்வை நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று அப்போது தெரியாது. கையிலிருந்த காகிதத்தை வீசிவிட்டு, “நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ, நான் சொல்றப்ப மட்டும் நிறுத்து” என்றேன். திரும்பி நின்றான். நூற்று எழுபத்தொன்று. மறுபடி செய்தோம். நூற்று எழுபத்திரண்டு. மறுபடி. நூற்று எழுபத்திரண்டு. பிறகு அவன் பார்த்துச் செய்தான்: நூற்றுத் தொண்ணூற்றாறு. மறுபடி: இருநூற்று நாலு.

அந்த எண்களைக் கரித்துண்டால் சுவரில் எழுதினோம். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கணக்குப் பையன் அல்லவா, எண்கள் அவனிடம் பொய் சொல்லாது.

“அப்ப எனக்குத்தான் தெர்ல” என்றான் மெதுவாக.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பழத் தக்காளி வாங்கிவரச் சொன்னால் அவன் காயாக வாங்கிவருவான். அம்மா சோம்பேறி என்பாள். சின்ன வகுப்பில் மாமரம் வரைந்து மாவிலைக்கெல்லாம் செம்மண் நிறம் அடித்து அடி வாங்கியிருக்கிறான். சார் சிவப்பு மையில் எழுதிய திட்டுகூட அவனுக்கு மற்ற எழுத்தைப்போலக் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கிறது.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் நான் ஆர்வக்கோளாறில் அதைப் போட்டு உடைத்தேன். நைனா டூட்டிக்குப் போயிருந்தார். “அம்மா, அண்ணனுக்கு ரோஸ் கலரு தெர்லமா! செவப்பும் பச்சையும்கூட...”

முடிப்பதற்குள் அம்மாவின் கை என் வாயில் விழுந்தது. ரசம் தட்டில் தெறித்தது. அம்மா எங்களை அடிக்கிறவள் இல்லை.

“இன்னொரு தபா இந்தப் பேச்சு இந்த வூட்ல வரக் கூடாது. நைனா காதுல வுழுந்திச்சு, அவ்ளோதான்.”

“ஏம்மா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. வாய மூட்றீ.”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவைப் பார்த்தான். அம்மாவுக்கு அந்தச் செய்தி அதிர்ச்சியாக இல்லை என்பதை அவன் கவனித்துவிட்டான். நான் கவனிக்கவில்லை. எனக்கு வாய் எரிந்தது, அவ்வளவுதான்.

பொங்கல் வந்தது. காணும் பொங்கலுக்கு வருடா வருடம் நாங்கள் மாமல்லபுரம் போவோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நைனா மட்டும் எந்த வருடமும் வர மாட்டார். டூட்டி என்பார். உண்மை வேறு. கல்யாணம் ஆன புதிதில் நைனா அலைந்து திரிந்து மாமாவை ரயில்வே வேலைக்கு மனுப் போட வைத்தாராம். மாமாவும் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாராம். கடைசியில் மெடிக்கலுக்குப் போகச் சொன்ன அன்று போகாமல், சேக்காளிகளோடு சினிமாவுக்குப் போய்விட்டாராம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ‘வந்த வேலைய எட்டி ஒதச்சவன்’ என்று நைனா மாமாவைச் சொல்வார். மாமா கடையில் ஒரு வாய் தண்ணீர்கூட அவர் குடித்ததில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். மாமல்லபுரத்தில் கால் வைக்க இடமில்லை. கரும்புச் சக்கை, சுண்டல், ஈர மணல், பலூன். அம்மா கடற்கரைக்குப் போகிற சொந்தக்காரிகளோடு போய்விட்டாள். நானும் அண்ணனும் கடையிலேயே தங்கினோம்.

மாமாவின் சைக்கிள்கள் எல்லாவற்றிலும் பின் மட்கார்டில் பெரிதாக வெள்ளை எண் எழுதியிருக்கும். வெள்ளைக்காரர் ஒருவர் வந்து ஏதோ ஒன்றைக் காட்டி, “ரெட், ரெட்” என்றார். மாமா, “நம்பர், நம்பர்” என்று விரலைக் காட்டினார். அவர் எட்டு என்றதும் எட்டாம் எண் வண்டியின் பூட்டைத் திறந்து கொடுத்தார்.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் போனதும் கேட்டான்.

“மாமா, உனக்குச் செவப்பு தெரியுமா?”

மாமாவின் கை செயினில் அப்படியே நின்றது. என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“உனக்கும் வந்துடுச்சா? அடப்பாவி! மாமன் சீருடா இது. எங்க மாமன் எனக்குக் குடுத்தாரு, நான் உனக்குக் குடுத்துகீறேன். வளையலு, சட்டத் துணிலாம் அப்புறம்.”

“அப்ப அந்த மெடிக்கலு?”

“போனேன்டா. போகாம இன்னா? எல்லாம் பாத்தாங்க. கடைசியா ஒரு புஸ்தகத்த வச்சாங்க. பக்கம் பூரா புள்ளி புள்ளியா கீது. இன்னா நம்பர் தெரியுதுன்றான். நம்பர் எங்க கீது, புள்ளிதான் கீதுன்னேன். அனுப்பிட்டான்.”

“நைனாகிட்ட நீ சினிமாவுக்குப் போயிட்டேன்னு...”

“அக்காதான் அப்புடிச் சொல்லச் சொன்னா.” மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். “டாக்டரு வெவரமா சொல்லிட்டாரு. இது பொம்பளைங்க வழியா எறங்குமாம். அவுங்களுக்குத் தெரியாது, புள்ளைங்களுக்கு வருமாம். அப்ப நீ கைக்கொழந்த. இவ பொறக்கவேயில்ல. புருசன் வூட்ல இன்னா சொல்லுவாங்களோன்னு பயந்துட்டா. அழுதா. செரி, எம் மேல போட்டுக்கோன்னேன். ஊர் சுத்தறவன்னு ஒரு பேரு, வந்தா வந்துட்டுப் போவுது.”

பதினேழு வருடம். ஒரு மனிதர் தன் மச்சானிடம் உதவாக்கரை என்று பேர் வாங்கிக்கொண்டு, சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு சிரித்தபடி இருந்திருக்கிறார். எனக்கு அன்று இதில் பாதிதான் புரிந்தது. ‘இவ பொறக்கவேயில்ல’ என்று என்னை எதற்கு இதில் இழுக்கிறார் என்று நினைத்தேன்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மாமா வாசலில் போன வியாபாரியைக் கூப்பிட்டு எனக்கு ஒரு காகிதக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அட்டையில் வெட்டி, கலர் கண்ணாடிக் காகிதம் ஒட்டியது. உங்கள் எல்லோரிடமும் ஒன்று இருந்திருக்கும். சிவப்பு தீர்ந்துவிட்டது, பச்சைதான் கிடைத்தது. நான் கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் அதைப் போட்டேன். உலகம் பச்சையானது. சைக்கிள் வரிசையைப் பார்த்தேன்.

“மாமா, செவப்பு வண்டி கறுப்பாயிடுச்சு!”

அண்ணன் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டான். வரிசையைப் பார்த்தான். கழற்றிப் பார்த்தான். திரும்பப் போட்டுப் பார்த்தான்.

“இதுல மூணு வண்டி இருட்டா கீது. மத்ததெல்லாம் வெளிச்சமா கீது” என்றான். அவன் குரலே மாறியிருந்தது.

“எந்த மூணு?” என்றார் மாமா.

“அஞ்சு, பதினொண்ணு, பதினாலு.”

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மூன்றும் சிவப்பு.

பிறகு அந்தக் கண்ணாடி எனக்குக் கிடைக்கவே இல்லை. மாமாவும் மருமகனும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கடையைவிட்டு இறங்கி, ரோட்டில் போகிற சேலை, பலூன், பஸ் ஒன்றையும் விடவில்லை. “அந்தம்மா பொடவ செவப்பு!” என்று மாமா கத்த, அந்தம்மா திரும்பி முறைக்க, நான் வெட்கத்தில் கடைக்குள் ஓடிவிட்டேன்.

ஊருக்கு வந்த மறுநாள் காலை கல்லின் மேல் டம்ளர் வைத்தோம். இந்தத் தடவை நான் வாயே திறக்கக் கூடாது என்று பேச்சு. அண்ணன் பச்சைக் கண்ணாடியோடு குனிந்தான். வெள்ளைக் காகிதம் அவனுக்குப் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்திருக்கும். நான் மனதுக்குள் எண்ணினேன். நூற்று எழுபது. நூற்று எழுபத்தொன்று.

“மங்குது” என்று சக்கரத்தை மூடினான். “எத்தினி?”

நூற்று எழுபத்திரண்டு. விரலால் சுவரைக் காட்டினேன். அங்கே கரியில் எழுதிய பழைய எண் அப்படியே இருந்தது. அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். ஏழாம் வகுப்புப் பெண்ணைத் தூக்கிச் சுற்றுவது சுலபமா? இரண்டு பேரும் ஊற வைத்த துணி மேலேயே விழுந்தோம்.

பொதுத்தேர்வுக்கு முந்தைய செய்முறைத் தேர்வு வந்தது. மதுராந்தகம் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் தேர்வாளராக வந்திருந்தார். வெள்ளையில் நீலக் கரை போட்ட சேலை, கையில் ஆண்கள் கட்டுகிற கடிகாரம். லேபின் ஜன்னல் விளையாட்டு மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும். நான் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து ஜன்னலுக்கு வெளியே, ஒரு செங்கல் மேல் ஏறி நின்றேன்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டான். திருவிழாக் கண்ணாடி. அட்டையில் நட்சத்திரம் வேறு ஒட்டியிருக்கும். இரண்டு பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். தேர்வாளர் டீச்சர் விறுவிறுவென்று வந்தார்.

“என்ன இது? கழட்டு. உள்ள என்ன எழுதி வச்சிருக்க?”

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

கெமிஸ்ட்ரி சார் வந்தார். “இவன் எப்பவும் இப்படித்தான் மேடம். ரெக்கார்டைப் பாருங்க, பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கேன். விளையாட்டுப் புத்தி.”

டீச்சர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் தன் மேசையை நோக்கி அதை எடுத்துக்கொண்டு நடந்தார். அது போனால் அவன் கண்ணும் போச்சு. நான் ஜன்னலிலிருந்து கத்தியிருப்பேன். அதற்குள் அண்ணன் பேசிவிட்டான்.

“டீச்சர், எனக்கு ரோஸ் கலர் தெரியாது.”

டீச்சர் திரும்பினார்.

“பொறந்ததுலருந்தே தெரியாது. செவப்பும் பச்சையும் ஒரே மாரிதான் கீது. அந்தக் கண்ணாடில பாத்தா, கலர் வர்றப்ப தண்ணி மங்குறது தெரியும். அதுக்குத்தான்.” பிறகு சாரைப் பார்த்துச் சொன்னான்: “நான் ஜன்னல எப்பவும் பாத்ததில்ல சார். குடுவையத்தான் பாத்துகினு இருந்தேன்.”

சாரின் முகத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அப்போது அவர் மேல் கொலைவெறி எனக்கு. இப்போது அவர் வயதைத் தாண்டிவிட்டேன். ஐம்பது பையன்கள், நாலு பியூரெட், அதில் ஒன்றில் திருகு ஒழுகும். அவருக்கும் எதைத்தான் பார்க்கத் தோன்றியிருக்கும்? டெஸ்க்கிலிருந்த அண்ணனுடைய ரெக்கார்டு நோட்டை எடுத்துப் புரட்டி, தான் எழுதிய பக்கங்களைத் தானே படித்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்தக் கண்டிப்பான முகத்தில் நட்சத்திரம் ஒட்டிய காகிதக் கண்ணாடி. ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பையனின் ரோஸ் குடுவையையும் அண்ணனின் நிறம் மாறாத குடுவையையும் சேர்த்து வைத்துக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ஆமா. இது இருட்டாத் தெரியுது” என்றார் தனக்குத்தானே. பிறகு அதைக் கழற்றி அண்ணனிடம் நீட்டினார். “போட்டுக்கோ. எம் முன்னாடி செய்.”

அண்ணன் செய்தான். கடைசி மில்லிக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். சொட்டு, ஆட்டு. சொட்டு, ஆட்டு. திருகை மூடினான். ஜன்னலுக்கு வெளியே இருந்து எனக்கு அந்த நிறம் தெரிந்தது: லேசான, நம்ப முடியாத அளவு லேசான ரோஸ். மூன்று தடவை செய்தான். மூன்றும் ஒத்துப்போயின. டீச்சர் அவன் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “உனக்கு யார்ப்பா இதைச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார்.

“எந் தங்கச்சி” என்றான் அவன். நான் செங்கல்லிலிருந்து விழுந்தேன்.

பள்ளி விட்டதும் அவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தான். நான் பின்னால் ஓடினேன். அம்மா சொல்லாதே என்றாளே என்றேன். “அம்பது பேரு முன்னாடி சொல்லிட்டேன். நைனாவுக்கு மட்டும் இன்னா?” என்றான்.

நைனா பிளாட்பாரக் கடைசியில், கருவிப் பையோடு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். லேப், கண்ணாடி, மாமன் சீர், புள்ளிப் புத்தகம். மாமா சினிமாவுக்குப் போகவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னான்.

நைனா டீ கிளாஸைக் கீழே வைத்தார். தூரத்தில் இருந்த சிக்னலைக் கையால் காட்டினார்.

“அது இன்னா கலரு?”

“பச்ச.”

“தெரியுதே?”

“மேல எரியுது நைனா. மேல எரிஞ்சா பச்ச, கீழ எரிஞ்சா செவப்பு. கலர வச்சிச் சொல்லல.”

அந்தப் பச்சைக்குத்தான் தாம்பரம் போகிற வண்டி கிளம்பியது. அது முழுக்கக் கடந்து போகிறவரை நைனா சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டது அந்த இரண்டு விளக்குகளைத்தான். தன் பையன் அந்த விளக்கை நம்பி ஒரு வண்டியை ஓட்ட முடியாது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“இஞ்சினு போச்சு” என்றார் கடைசியில். பிறகு, “கண்ணு எங்கடா இருந்திச்சுன்னு கேட்டேன் இல்ல?” என்றார்.

அண்ணன், “வுடு நைனா” என்றான்.

அவர் அவன் தோளைப் பிடித்து எழுந்தார். பிடித்த கையை வீடு வரைக்கும் எடுக்கவில்லை. அம்மாவிடம் அன்று அவர் கோபப்பட்டதாக எனக்கு நினைவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அம்மாவின் அழுகை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நைனா மூக்கைச் சிந்துவதும் கேட்டது.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக மாமல்லபுரம் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் மீன் பொட்டலம், வேட்டியில் செயின் கறை. “மச்சான் கடையில ரெண்டு வண்டிக்குப் பஞ்சர் போட்டேன்” என்றார். அதற்குமேல் நாங்களும் கேட்கவில்லை. அடுத்த காணும் பொங்கலுக்கு அவருக்கு டூட்டி இல்லை.

அண்ணன் செய்முறையில் நல்ல மதிப்பெண் வாங்கினான். கல்லூரியில் வேதியியலே எடுத்தான், எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இப்போது தண்ணீர் பரிசோதிக்கிற ஒரு லேபில் பெரிய பொறுப்பில் இருக்கிறான். அங்கே கருவி நேராக எண்ணைக் காட்டிவிடுகிறது; நிறம் யாருக்கும் தேவையில்லை. பூப்போட்ட டம்ளர் ஒரு வீடு மாற்றலில் உடைந்தது. சுவரில் எழுதிய எண்களை அடுத்து வந்தவர்கள் வெள்ளையடித்திருப்பார்கள்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். திருப்போரூர்க்காரர்கள். கேசரி வந்தது, காபி வந்தது, பேச்செல்லாம் ஏறக்குறைய முடிந்தது. அம்மா அன்று காலையிலிருந்தே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் எதுவோ பொறுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் என் வாயில் விழுந்த அடி யாருக்காக என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. பெண் வழியாக இறங்குகிறது என்றால் யார் பெண் எடுப்பார்கள்? அம்மா மறைத்தது அண்ணனை அல்ல, என்னை. நாளைக்கு இப்படி ஒரு கூடத்தில் நான் நிற்கப்போகும் நாளை நினைத்து, நான் பிறப்பதற்கு முன்னாலேயே பயந்திருக்கிறாள்.

“ஒண்ணு சொல்லணும்” என்றேன். எல்லோரும் நிமிர்ந்தார்கள். “எங்க அண்ணனுக்குச் செவப்பு, பச்ச தெரியாது. எங்க மாமாவுக்கும் தெரியாது. இது அம்மா வழியா வர்றது. எனக்குப் பையன் பொறந்தா அவனுக்கும் வரலாம்.”

அம்மா கையில் தட்டோடு என் பக்கம் திரும்பினாள். நைனா மேலே மின்விசிறியைப் பார்த்தார். மாப்பிள்ளையாகப்பட்டவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

அந்தம்மா கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தார். “இவ்ளோதானா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்தேன்” என்றார். “எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு எல்லாக் கலரும் தெரியும். எதுக்க கீற பொருளுதான் தெரியாது. கைல சாவிய வச்சிகினு வூடு பூரா தேடுவானுங்க.”

நைனாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் அந்தம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தாள்.

“எங்க தாய்மாமா ஒருத்தரு இருந்தாரு. அவருக்கும் இப்புடித்தான். கூரப் பொடவ செவப்புல எடுத்தாரச் சொல்லி காஞ்சிபுரத்துக்கு அனுப்புனா, பச்சையில ஒண்ண எடுத்துகினு வந்து, பாரு எப்புடி செவந்து கீதுன்னு சபையில விரிச்சிக் காட்டுறாரு...”

நாங்கள் யாருமே கேட்டிராத கதை அது. காபி ஆறிக்கொண்டிருந்தது. அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனாள்.